செர்கேய் வித்தே: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரஷ்ய–ஜப்பான் போரைப் பற்றிப் பேசப் போனேன். நடுவே போகிற போக்கில் செர்கேய் வித்தே என்றொரு பெயரைச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான், அதைப் பிடித்துக்கொண்டார்கள். கூட்டம் முடிந்தும் விடவில்லை. டீக்கடையில், போனில், கல்யாண வீட்டுப் பந்தியில் கூட அதே சந்தேகங்கள். சரி, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டால் அடுத்த முறை இதைக் காட்டிவிடலாமே என்றுதான் இது. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

யாருங்க இந்த வித்தே? சுருக்கமா சொல்லுங்க.

1849இல் பிறந்து 1915இல் இறந்த ரஷ்யப் பேரரசின் அமைச்சர். ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கும் வேலையெல்லாம் செய்து மேலே வந்தவர், பதினோரு ஆண்டு நிதியமைச்சராக இருந்தார், தோற்றுக்கொண்டிருந்த போரை ஜப்பானோடு பேசி முடித்தார், அடுத்த மாதமே ஜார் மன்னரிடம் கையெழுத்து வாங்கி ரஷ்யாவுக்கு முதல் நாடாளுமன்றம் வர வழி செய்தார். பிறகு நாட்டின் முதல் பிரதமர். ஆறே மாதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வித்தேயா, விட்டேயா?

ரஷ்யர்கள் சொல்வது ‘வித்தே’தான். ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் ‘விட்டே’ என்று எழுதுகிறார்கள், தப்பென்று சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் தமிழில் ‘விட்டே’ என்று எழுதினால் எதை விட்டார் என்று கேட்கத் தோன்றுகிறது.

பேரைப் பார்த்தா ஜெர்மன்காரர் மாதிரி இருக்கே?

அப்பா வழியில் பால்டிக் பகுதி ஜெர்மன் வம்சம். அப்பா லூத்தரன் சபையிலிருந்து ரஷ்ய வைதீகத் திருச்சபைக்கு மாறியவர், அரசு அதிகாரி. அம்மா ஃபதேயெவ் குடும்பம், அம்மாவின் அம்மா தோல்கொருகி என்ற பழைய இளவரசர் குலம். வித்தே தன்னை முழு ரஷ்யனாகத்தான் நினைத்தார், அதிலும் அம்மா வழிப் பெருமையைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயரும். பிறந்தது திஃப்லிஸில், அதாவது இன்றைய ஜார்ஜியாவின் தலைநகர் திபிலீசி.

கணக்கு படிச்சவர்னு சொன்னீங்க, ரயில்வேக்கு எப்படிப் போனார்?

ஒதெஸ்ஸா பல்கலைக்கழகத்தில் 1870இல் பட்டம், கணிதமும் இயற்பியலும். பேராசிரியராகத்தான் ஆசை. வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை, நம் குலத்துக்கு வாத்தியார் வேலை கௌரவமில்லை என்பது அவர்கள் எண்ணம். (இதை ஒரு ஆசிரியர் கூட்டத்தில் சொன்னபோது கிடைத்த முறைப்பை மறக்க மாட்டேன்.)

ஒதெஸ்ஸா ரயில்வேயில் சேர்ந்தார். அங்கே சீட்டு விற்பது, சரக்கு அலுவலகம், நிலைய வேலை என்று ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டார். பிற்காலத்தில் அரண்மனையில் பல பேருக்கு இவர் பேச்சும் நடையும் முரட்டுத்தனமாகத் தெரிந்தன. ஆனால் ஒரு வேகன் கோதுமையைக் கருங்கடல் துறைமுகம் வரை கொண்டுபோக என்ன செலவாகும் என்று கேட்டால் அங்கே பதில் தெரிந்த ஒரே ஆள் இவர்தான். 1883இல் ரயில் கட்டணக் கொள்கை பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

அமைச்சராகிறதுக்கு முன்னாடி ஜெயில் தண்டனை வாங்கினாராமே, நிஜமா?

நிஜம். 1875 டிசம்பரில் ஒதெஸ்ஸா பாதையில் திலிகுல் என்ற இடத்தில், புதிதாகப் படைக்கு எடுக்கப்பட்ட இளைஞர்களை ஏற்றிவந்த ரயில் உயரமான மண்மேட்டிலிருந்து கவிழ்ந்து எரிந்தது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். காரணத்தைக் கேட்டால் வயிறு எரியும். பாதை பழுதுபார்த்தவர்கள் ஒரு தண்டவாளத்தைக் கழற்றி எடுத்திருக்கிறார்கள், பனிப்புயல் அடித்ததால் பக்கத்துக் குடிசைக்கு டீ குடிக்கப் போய்விட்டார்கள், வருகிற ரயிலுக்கு எச்சரிக்கைக் கொடி கூட நட்டுவைக்கவில்லை.

ஊரே கொதித்தது. தண்டவாளம் கழற்றியவர்களோடு நிற்காமல் மேலே இருந்தவர்களையும் பிடித்தார்கள். ரயில்வே தலைவருக்கும் வித்தேவுக்கும் நான்கு மாதச் சிறை. அதற்குள் 1877இல் துருக்கியோடு போர் வந்துவிட்டது. படைகளைத் தடங்கலில்லாமல் முனைக்கு அனுப்பியதற்காகத் தண்டனை இரண்டு வாரமாகக் குறைந்தது, அதிலும் பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் மட்டும் காவலறையில் போய்ப் படுத்தார்.

ஒரு ரயில்வே மேனேஜர் ஜார் கண்ணுல எப்படிப் பட்டார்?

எல்லாக் கேள்விகளையும் விட இந்தக் கேள்விக்குத்தான் நான் ஆசையாகப் பதில் சொல்வேன். 1888. வித்தே அப்போது கீவ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மேற்கு ரயில்வேயின் மேலாளர். அன்றைய ஜார் மூன்றாம் அலெக்சாந்தரின் அரச ரயில் அந்தப் பாதையில் வருகிறது, பிரமாண்டமான கனத்த பெட்டிகள், முன்னால் இரண்டு சரக்கு எஞ்சின்கள், வேகமோ எக்ஸ்பிரஸ் வேகம். வித்தே கணக்குப் போட்டுப் பார்த்தார்: இந்த எடையில் இந்த எஞ்சின்கள் இந்த வேகத்தில் ஆடினால் தண்டவாளம் நெளிந்துவிடும். வேகத்தைக் குறைத்துவிட்டார்.

ஜாருக்குக் கோபம். மற்ற பாதைகளில் பறக்கிறேன், உன் பாதையில் மட்டும் ஊர வேண்டுமா என்று நேரடியாகவே கேட்டார். அதற்கு வித்தே பக்கத்திலிருந்த அமைச்சரிடம், ஆனால் ஜார் காதில் விழுகிற மாதிரி, மற்றவர்கள் எப்படி வேண்டுமானாலும் ஓட்டட்டும், பேரரசரின் தலையை உடைக்க நான் தயாராயில்லை என்ற பொருளில் சொன்னாராம். இரண்டே மாதத்தில், அக்டோபரில், வேறொரு நிறுவனத்தின் பாதையில் போர்கி என்ற இடத்தில் அதே அரச ரயில் தடம்புரண்டது. இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அரச குடும்பம் சாப்பாட்டுப் பெட்டியில் இருந்தது, கூரை இடிந்தும் தப்பித்துக்கொண்டார்கள்.

அலெக்சாந்தர் மறக்கவில்லை. 1889இல் நிதியமைச்சகத்தில் ரயில்வே துறை என்று ஒன்றைத் தொடங்கி வித்தேவை அதற்கு இயக்குநராக்கினார். சம்பளம் தனியார் வேலையில் வாங்கியதில் ஒரு சிறு பங்குதான். அதனால் ஜார் தன் சொந்தப் பணத்திலிருந்து இன்னொரு சம்பளம் போட்டுக் கொடுத்ததாக வித்தே எழுதுகிறார். 1892 பிப்ரவரியில் போக்குவரத்து அமைச்சர், அதே ஆகஸ்டில் நிதியமைச்சர்.

டிரான்ஸ் சைபீரியன் ரயில் இவர் கட்டினதுதானா?

‘கட்டவைத்தவர்’ என்று சொல்லுங்கள். வேலை 1891 மே மாதம் விளாதிவஸ்தோக்கில் தொடங்கியபோது இவர் இன்னும் அமைச்சராகவில்லை. யோசனையும் இவருடையதில்லை, பழையது. ஆனால் இழுத்துக்கொண்டே போன திட்டத்துக்குப் பணம் பிடித்து, தடை சொன்ன மற்ற அமைச்சர்களைச் சமாளித்து ஓடவைத்தது இவர்தான். சமாளித்த விதம் அழகு. சைபீரிய ரயில்வேக் குழு ஒன்றை அமைத்து அதற்குத் தலைவராகப் பட்டத்து இளவரசர் நிக்கலாயை உட்காரவைக்கச் சொன்னார். அவன் சின்னப் பையன் என்று அப்பா தயங்கினாராம். இப்போதே பழக்காவிட்டால் எப்போது கற்றுக்கொள்வார் என்றார் வித்தே. வருங்கால ஜார் தலைவராக இருக்கும் குழுவின் செலவை யார் வெட்டுவது?

பாதை முழுவதும் ஒற்றைத் தடம், லேசான தண்டவாளம். பைக்கால் ஏரியைச் சுற்றி வேலை முடியாததால் கோடையில் ரயில் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றிக் கடத்தினார்கள். 1904 குளிர்காலத்தில் போர் வந்தபோது உறைந்த ஏரியின் மேலேயே தண்டவாளம் போட்டு, எஞ்சினை நம்பாமல் குதிரைகளைப் பூட்டிப் பெட்டிகளை இழுத்தார்கள்.

இதுக்கெல்லாம் பணம் எங்கேருந்து வந்தது?

பாதி கடன், பாதி குடியானவன் முதுகு. வெளிநாட்டு முதலீடு வரவேண்டுமென்றால் ரூபிளின் மதிப்பு தினம் ஒரு விலையாக ஆடக்கூடாது என்று 1897இல் ரூபிளைத் தங்கத்தோடு கட்டினார். எப்படியென்றால், பழைய பத்து ரூபிள் தங்க நாணயம் இனி பதினைந்து ரூபிள். அதாவது காகித ரூபிள் சந்தையில் என்ன மதிப்புக்கு விழுந்திருந்ததோ அதையே அதிகாரப்பூர்வமாக்கிவிட்டார். ஏற்றுமதி செய்யும் நிலவுடைமையாளர்கள் கத்தினார்கள், அரசவை மன்றமும் ஒத்துழைக்கவில்லை. மன்றத்தைச் சுற்றிக்கொண்டு போய், ஜார் தலைமையில் நிதிக்குழுவைக் கூட்டி ஆணையாகவே வாங்கிவிட்டார். சீர்திருத்தம் செய்த வழி எதேச்சாதிகார வழி. இதை நினைவில் வையுங்கள், கீழே வேண்டியிருக்கும்.

கூடவே உயர்ந்த இறக்குமதி வரி. அதைப் போட்டது இவருக்கு முந்தியவர், 1891இல். இவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். உள்நாட்டுத் தொழில் வளரும் வரை வேலி வேண்டும் என்ற ஜெர்மன் பொருளாதார அறிஞர் ஃபிரெட்ரிக் லிஸ்ட்டின் வாதத்தை ரஷ்ய வாசகர்களுக்காகத் தனியே ஒரு சிறு நூலாக எழுதியவர் இவர். 1890களில் ரஷ்யத் தொழில்துறை ஆண்டுக்கு எட்டு சதவீதம் அளவில் வளர்ந்ததாகப் பொருளாதார வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள்.

அரசாங்கமே சாராயக்கடை நடத்தினது இவர் காலத்துலதானாமே?

சிரிக்காமல் கேட்டால் சொல்கிறேன். ஆமாம். 1895இல் நான்கு கிழக்கு மாகாணங்களில் வோட்கா விற்பனையை அரசே எடுத்துக்கொண்டது, சில ஆண்டுகளில் பேரரசின் பெரும்பகுதிக்கும் பரவியது. சொன்ன காரணம் குடியைக் கட்டுப்படுத்துவது. தனியார் சாராயக்கடைக்காரன் கடன் கொடுத்துக் குடிக்கவைத்து விவசாயியின் மாட்டையும் கலப்பையையும் பிடுங்கிக்கொள்கிறான், அரசுக் கடையில் ரொக்கம் கொடுத்து முத்திரை வைத்த பாட்டிலை வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும், உட்கார்ந்து குடிக்க இடமில்லை. மூன்றாம் அலெக்சாந்தரின் ஆசை இது என்று வித்தே சொல்லிக்கொள்வார்.

நடந்தது என்ன? கடையில் குடிக்கக்கூடாது, அதனால் தெருவில் குடித்தார்கள். கஜானா நிரம்பியது. 1913இல் அரசின் வருமானத்தில் கால்பங்குக்கும் மேல் வோட்காவிலிருந்து வந்தது. எந்த அரசுக்கும் அந்த வருமானத்தை விட மனசு வராது.

அப்போ விவசாயிங்க நிலைமை?

மோசம்தான், இவர் மேல் வைக்கப்படும் பெரிய குற்றச்சாட்டே அதுதான், நியாயமான குற்றச்சாட்டு. சர்க்கரை, மண்ணெண்ணெய், தீப்பெட்டி, தேயிலை என்று கிராமத்தான் வாங்குகிற ஒவ்வொன்றிலும் மறைமுக வரி. தானியம் ஏற்றுமதியாகி வெளிநாட்டுக் கடனுக்கு வட்டி கட்டியது.

வித்தே இதைத் தாமதமாக உணர்ந்தார் என்றுதான் சொல்வேன். 1902இல் விவசாயத் தேவைகளுக்கான சிறப்பு மாநாடு ஒன்றைத் தலைமை தாங்கி நடத்தினார். கிராமச் சமுதாயம் நிலத்தைப் பொதுவில் வைத்துக்கொண்டு அவ்வப்போது பங்கு போடுகிற முறைதான் தடை, விவசாயி சொந்தமாக நிலம் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது. முடிவு காகிதத்தோடு நின்றது.

அதைத்தானே ஸ்டாலிபின் பண்ணினார்?

அதையேதான், வித்தேவுக்குப் பின் 1906இல் பிரதமரான ஸ்டாலிபின் அந்த ஆண்டிலிருந்தே செய்தார். வித்தேவுக்கு வாழ்நாள் முழுக்க அந்த எரிச்சல் உண்டு, என் திட்டத்தைத் திருடி என் பெயரைச் சொல்லாமல் செய்துவிட்டான் என்று. பாதி நியாயம். ஆனால் ஒன்று மட்டும் வித்தேவே ஆட்சியில் இருக்கும்போது செய்துவிட்டுப் போனார். பண்ணையடிமை முறை ஒழிந்ததற்காக 1861 முதல் விவசாயிகள் தவணை தவணையாகக் கட்டிவந்த நிலமீட்புப் பணத்தை 1906க்குப் பாதியாக்கி 1907இலிருந்து ரத்து செய்யும் ஆணை, 1905 நவம்பரில் வந்தது.

பொண்டாட்டி விஷயத்துல ஏதோ பிரச்சினைனு படிச்சேனே?

முதல் மனைவி 1890இல் இறந்துபோனார். 1892இல் மதில்தா என்ற மணவிலக்குப் பெற்ற பெண்ணை மணந்தார், அவர் யூதக் குடும்பத்தில் பிறந்து மதம் மாறியவர். அந்த ஒரே காரணத்துக்காக நாட்டின் நிதியமைச்சர் மனைவிக்கு அரண்மனை விருந்துகளில் பல ஆண்டுகள் இடமில்லை.

அலெக்சாந்தர் ஒருமுறை இவரிடம், உங்களுக்கு யூதர்கள் மேல் பிரியமாமே என்று கேட்டாராம். எல்லா யூதர்களையும் கருங்கடலில் மூழ்கடித்துவிட முடியுமா, முடியுமென்றால் செய்யுங்கள், முடியாதென்றால் அவர்கள் வாழ வழிவிட வேண்டும், தடைச் சட்டங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்க வேண்டும் என்று பதில் சொன்னதாக இவரே எழுதுகிறார். இதில் மனிதாபிமானத்தைத் தேடிப் பயனில்லை, இது நிர்வாகியின் பேச்சு.

சீனாவுக்கு லஞ்சம் கொடுத்துத்தான் ரயில் பாதை வாங்கினாராமே?

1896இல் புது ஜார் நிக்கலாயின் முடிசூட்டு விழாவுக்குச் சீனாவின் மூத்த ராஜதந்திரி லி ஹோங்ஜாங் வந்தார். அவரோடு மாஸ்கோவில் ரகசிய ஒப்பந்தம்: ஜப்பான் தாக்கினால் ரஷ்யா உதவும், பதிலுக்குச் சீனாவின் வடகிழக்கிலுள்ள மஞ்சூரியா குறுக்கே ரஷ்யா ரயில் போட்டுக்கொள்ளலாம். 80 ஆண்டு உரிமை, 36 ஆண்டுக்குப் பின் வேண்டுமானால் சீனா விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். லிக்காக முப்பது லட்சம் ரூபிள் நிதி ஒதுக்கப்பட்டது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள், வித்தே மறுக்கிறார். ஆனால் 1898இல் போர்ட் ஆர்தர் துறைமுகக் குத்தகைக்காகச் சீன அதிகாரிகளுக்குப் பணம் கொடுத்ததை அவரே கூச்சமில்லாமல் ஒப்புக்கொள்கிறார்.

அதே விழாவில்தான் கோதின்கா மைதானத்தில் இனாம் வாங்க வந்த கூட்டம் நெரிசலில் சிக்கி ஆயிரத்துக்கு மேற்பட்டோர் செத்தார்கள். இதை மன்னரிடம் சொல்லிவிட்டீர்களா என்று லி கேட்டார். சொல்லியாகிவிட்டது என்றார் வித்தே. உங்கள் அதிகாரிகளுக்கு அனுபவம் போதாது, என் மாகாணத்தில் கொள்ளைநோயில் பல்லாயிரம் பேர் சாகும்போது எல்லோரும் நலம் என்றுதான் நான் எழுதினேன், பாவம் மன்னரை ஏன் வருத்த வேண்டும் என்றாராம் லி. கேட்டுவிட்டு, பரவாயில்லை, இவர்களைவிட நாம் கொஞ்சம் முன்னேறியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டதாக வித்தே எழுதுகிறார். அன்று இரவு பிரெஞ்சுத் தூதர் கொடுத்த நடன விருந்து ரத்தாகவில்லை, ஜாரும் போனார்.

அப்போ ஜப்பான் போருக்கு இவரும் ஒரு காரணம்தானே?

இதுதான் கொஞ்சம் சிக்கலான கேள்வி. போர்ட் ஆர்தரைப் பிடிப்பதை இவர் எதிர்த்தார், சீனாவைக் காப்போம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு நாமே அதன் துறைமுகத்தைப் பறிப்பதா என்று. எதிர்த்தும் நடந்தது, நடந்த பிறகு மேலே சொன்னபடி பணம் கொடுத்துக் குத்தகையை முடித்துக் கொடுத்ததும் இவர்தான். ரயிலும் வங்கியும் மெதுவாக மஞ்சூரியாவை வளைத்துவிடும், துப்பாக்கி எதற்கு என்பது இவர் எண்ணம். வீட்டுக்குள் ரயிலை ஓட்டினால் பின்னாலேயே சிப்பாய் வருவான் என்பது இவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

கொரியாவின் யாலு ஆற்றங்கரையில் மரம் வெட்டும் உரிமை வாங்கிக்கொண்டு ஜாரைச் சுற்றிவந்த பெசபிராசொவ் கோஷ்டி, ஜாருக்கு வித்தேவைப் பிடிக்காமல் போகும்படி செய்தது. உள்துறை அமைச்சர் பிளேவேயும் சேர்ந்துகொண்டார். 1903 ஆகஸ்டில் நிக்கலாய் இவரை நிதியிலிருந்து தூக்கி அமைச்சர் குழுத் தலைவர் என்ற அலங்காரப் பதவியில் வைத்தார். அடுத்த பிப்ரவரியில் போர்.

தோத்துப்போன நாடு எப்படி நஷ்ட ஈடு கொடுக்காம தப்பிச்சது?

1905 ஆகஸ்ட், அமெரிக்காவின் போர்ட்ஸ்மத். போர்ட் ஆர்தர் போயாயிற்று, முக்டென் போயாயிற்று, சுஷிமாவில் கடற்படையே போயாயிற்று. அமெரிக்க ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் நடுவில் நின்று கூப்பிட்டார். ஜார் முதலில் வேறு ஆட்களைத்தான் கேட்டார், அவர்கள் நழுவிய பிறகு வேறு வழியில்லாமல் வித்தே. ஒரு கோபெக் காசும் கிடையாது, ஓர் அங்குலம் நிலமும் கிடையாது என்பது உத்தரவு.

வித்தேவின் ஆங்கிலம் பூஜ்யம், பிரெஞ்சு சுமார். ஆனால் அமெரிக்காவில் ஜெயிக்க வேண்டியது பத்திரிகைகளை என்று கப்பலிலேயே முடிவு செய்துவிட்டார். நிருபர்களைத் தாராளமாகப் பார்த்தார், எல்லாரோடும் சாதாரணமாகப் பழகினார், ரயிலில் வந்திறங்கியதும் எஞ்சின் டிரைவரோடு கைகுலுக்கினார், அது செய்தியானது. பழைய ரயில்வேக்காரருக்கு அது நடிப்பாகக்கூட இருந்திருக்காது. எதிரே ஜப்பானின் கொமுரா, குள்ளமான, பேசாத மனிதர், பேச்சுவார்த்தையை ரகசியமாக வைக்க வேண்டுமென்றார். ஆரம்பத்தில் ஜப்பான் பக்கமிருந்த பொதுக்கருத்து மெல்லச் சாய்ந்தது.

கூடவே ஒரு உண்மை: ஜப்பானிடமும் பணம் தீர்ந்துவிட்டது, படைக்கு ஆள் தீர்ந்துகொண்டிருந்தது. ரஷ்யாவுக்குப் பின்னால் இன்னும் படை வந்துகொண்டே இருந்தது, அந்த ஒற்றைத் தடத்தில்தான். ஆகஸ்ட் 29 அன்று நஷ்ட ஈடு இல்லை, சகலின் தீவின் தெற்குப் பாதி மட்டும் என்று எழுதிக் கொடுத்தார். கொமுரா சற்று நேரம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு ஒப்புக்கொண்டார். செப்டம்பர் 5 கையெழுத்து. நஷ்ட ஈடு கிடைக்கவில்லையென்று தோக்கியோவில் கலவரம்.

‘பாதி சகலின் பிரபு’ன்னு ஏன் கிண்டல் பண்ணினாங்க?

திரும்பி வந்ததும் ஜார் கோமகன் பட்டம் கொடுத்தார். தீவின் பாதியைத் தாரைவார்த்தவன் என்று வலதுசாரிகள் வைத்த பெயர் அது. இதில் அநியாயம் என்னவென்றால், தெற்கு சகலினைக் கொடுக்கலாம் என்று அமெரிக்கத் தூதரிடம் முதலில் வாய்விட்டது ஜாரேதான். அந்தச் செய்தி சுற்றிச் சுற்றி ஜப்பானை அடைந்தது. இல்லாவிட்டால் அதைக்கூடக் கொடுத்திருக்க வேண்டாமோ என்று தோன்றுகிறது.

அக்டோபர் பிரகடனம் அன்னிக்கு என்ன நடந்துச்சு?

நாடே வேலைநிறுத்தத்தில். தொடங்கிவைத்தவர்கள் மாஸ்கோ ரயில்வேக்காரர்கள். தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பீட்டர்ஹாஃப் அரண்மனைக்கு ரயில் ஓடவில்லை. அதனால் ரஷ்யாவின் ரயில்களையெல்லாம் வளர்த்துவிட்ட மனிதர் ஜாரைப் பார்க்கப் படகில் போனார். இந்த ஒரு காட்சிக்காகவே இவர் கதையை நான் விடாமல் சொல்கிறேன்.

ஜார் முன் வித்தே வைத்தது இரண்டே வழி: சலுகை, அல்லது ராணுவ சர்வாதிகாரம். சர்வாதிகாரி ஆக வேண்டியவராக எல்லோரும் நினைத்தது ஜாரின் சித்தப்பா முறை நிக்கலாய் நிக்கலாயெவிச். அவரோ, கையெழுத்துப் போடாவிட்டால் இங்கேயே சுட்டுக்கொள்வேன் என்றதாகச் சொல்லப்படுகிறது. அக்டோபர் 17, ஜார் கையெழுத்திட்டார். பேச்சு, கூட்டம், மனச்சாட்சி ஆகிய சுதந்திரங்கள், விரிந்த வாக்குரிமை, டூமா என்ற நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் எந்தச் சட்டமும் இல்லை என்ற உறுதி.

சில புத்தகத்துல அக்டோபர் 30னு போட்டிருக்கே?

ரஷ்யாவில் அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டி. இருபதாம் நூற்றாண்டில் 13 நாள் பின்தங்கும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் 12. இரண்டும் ஒரே நாள்தான். ரஷ்யர்கள் ‘அக்டோபர் 17’ என்றே சொல்லிப் பழகியதால் அதை அப்படியே விட்டேன்.

அப்படின்னா இவர் ஜனநாயகவாதி, சரிதானே?

இல்லை. தங்க ரூபிளை எப்படிக் கொண்டுவந்தார் என்று மேலே பார்த்தோம். 1881இல் புரட்சியாளர்கள் இரண்டாம் அலெக்சாந்தரைக் குண்டு வைத்துக் கொன்றபோது, அவர்களை அவர்கள் வழியிலேயே ரகசியமாகக் கொல்ல ஒரு சங்கம் வேண்டும் என்று தாய்மாமாவுக்குக் கடிதம் எழுதியவர் இவர். அப்படி ஒரு சங்கம் உருவாகி இவர் அதில் சேரவும் செய்தார்.

பிரதமரான பிறகும் அப்படியே. டிசம்பரில் மாஸ்கோ எழுச்சியைப் பீரங்கி வைத்து அடக்கியது இவர் ஆட்சி. பிரகடனம் வந்த அடுத்தடுத்த நாட்களில் ஒதெஸ்ஸாவிலும் வேறு ஊர்களிலும் யூதர்களைக் கொன்றார்கள். அதைத் தூண்டும் துண்டறிக்கைகள் காவல்துறைக் கட்டடத்துக்குள்ளேயே அச்சாகின்றன என்று இவருக்குத் தெரியவந்தது. அச்சகத்தை மூடினார், அச்சடித்தவனைத் தண்டிக்கவில்லை. என் கணிப்பில் இவருக்கு ஜார் ஆட்சி நிலைக்க வேண்டும், அதற்காக எஞ்சினை மாற்றலாம், பெட்டியைக் கழற்றலாம், வேகத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். மிதவாதிகளை அமைச்சரவைக்குக் கூப்பிட்டார், துர்னவோ மாதிரி அடக்குமுறை ஆளை உள்துறைக்குப் போட்டுவிட்டு எங்களைக் கூப்பிடுகிறீர்களா என்று வர மறுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் ஜார், இப்படியொரு பச்சோந்தியை நான் பார்த்ததில்லை என்று தன் அம்மாவுக்குக் கடிதம் எழுதினார்.

இவ்வளவு பண்ணினவரை ஏன் ஆறே மாசத்துல அனுப்பினாங்க?

வேலை முடிந்துவிட்டது. 1906 ஏப்ரலில் பெரும்பாலும் பிரான்சிலிருந்து 225 கோடி ஃபிராங்க் கடன், அதுவரை உலகம் பார்த்திராத பெரிய அரசுக் கடன்களில் ஒன்று. டூமா கூடும் முன்பே பணம் கைக்கு வந்துவிட்டால் அதனிடம் கையேந்த வேண்டியதில்லை, அதுதான் வித்தேவின் கணக்கு. பணம் வந்தது. ஜாருக்கு டூமா மட்டுமல்ல, வித்தேவும் தேவைப்படாமல் போனார். டூமா திறப்பதற்குச் சில நாள் முன்பு ராஜினாமா, ஒரு மறுப்பும் இல்லாமல் ஏற்கப்பட்டது. தன்னிடம் கையெழுத்து வாங்கிய நாளை நிக்கலாய் மன்னிக்கவே இல்லை.

இவருக்குக் குண்டு வெச்சாங்களா?

1907 ஜனவரியில் பீட்டர்ஸ்பர்க் வீட்டின் புகைபோக்கிக் குழாயில் வெடிகுண்டு கண்டெடுத்தார்கள். வெடிக்கவில்லை. வைத்தது புரட்சியாளர்கள் இல்லை, தீவிர வலதுசாரிகள். விசாரணை எங்கும் போய்ச் சேரவில்லை.

அடையாறு தியாசபிகல் சொசைட்டி பிளாவட்ஸ்கி அம்மையாருக்கு இவர் சொந்தமாமே? சும்மா கதைதானே?

கதையில்லை, நெருங்கிய சொந்தம். அம்மாக்கள் இருவரும் கூடப்பிறந்த சகோதரிகள், பிளாவட்ஸ்கியின் அம்மா மூத்தவர். ஆக நம் முறைப்படி வித்தேவுக்குப் பெரியம்மா மகள், பதினெட்டு வயது மூத்த அக்கா. 1882இல் சென்னை அடையாற்றில் சபையின் தலைமையிடத்தை நிறுவியவரும், அதே பத்தாண்டில் கீவில் சரக்குக் கட்டணம் போட்டுக்கொண்டிருந்தவரும் திஃப்லிஸில் ஒரே தாத்தா வீட்டு ஆட்கள். நினைவுக்குறிப்பில் அக்காவைப் பற்றிப் பல பக்கம் எழுதுகிறார், அவர் கண்களை வியக்கிறார், ஆவி வரவழைக்கும் கூட்டங்களை நம்ப மறுக்கிறார், ஒதெஸ்ஸாவில் மைக்கடை, பூக்கடை வைத்து நஷ்டப்பட்டதையும் விடவில்லை. தேதிகள் பல இடத்தில் தப்பு.

அப்போ அந்த நினைவுக்குறிப்பை நம்பலாமா?

ரயில் போர்கியில் கவிழ்ந்ததையும் லி பேசியதையும் போல மேலே நான் சொன்ன சுவையான பகுதிகளில் நிறைய அவர் வாயால் வந்தவை, அந்தக் கதைகளிலெல்லாம் சரியாக இருந்தவர் ஒரே ஒருவர்தான். ஸ்டாலிபினைப் பற்றி எழுதும்போது மையில் விஷம். கடன் தொகை, தேதி போன்றவற்றை வேறு இடத்தில் சரிபார்த்துக்கொண்டு, மனிதர்களின் முகங்களுக்காக மட்டும் அதைப் படியுங்கள்.

பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும்போது எழுதி, மனைவி பெயரில் பிரான்சின் பயோன் நகர வங்கியில் வைத்திருந்தார். உலகப்போரைப் பைத்தியக்காரத்தனம் என்று திட்டிக்கொண்டே 1915 மார்ச்சில் இறந்தார். நிக்கலாய்க்கு அது நிம்மதியாக இருந்தது, அதை மனைவிக்கும் எழுதினார். ஆட்கள் போய் வித்தேவின் படிப்பறைக்கு முத்திரை வைத்து அலசினார்கள். சிக்கியது பொருளடக்கம் மட்டும். ஜார் அதைப் படித்துவிட்டு, முழுவதையும் படிக்க விரும்புவதாக விதவைக்குச் சொல்லி அனுப்பினார். அது வெளிநாட்டில் இருக்கிறது, கொடுக்க இயலாது என்று அந்த அம்மாள் பதில் சொல்லிவிட்டார். புத்தகம் 1921இலிருந்து வெளிவரத் தொடங்கியபோது படிக்க ஜார் உயிரோடு இல்லை.